சிக் போடுவதா, நோட்டீஸ் கொடுப்பதா?

கேள்வி: வணக்கம் மேடம். சொந்த ஊர் தேவகோட்டை. வயது 27. ஒரு தனியார் விமான நிறுவனத்தில் நாலு வருஷமாக கேபின் குரூவாக இருக்கிறேன். பேஸ், அதாவது டூட்டி தொடங்கும் ஊர், சென்னை. ஐந்து வருஷ ஒப்பந்தம், அடுத்த மார்ச்சில் முடிகிறது. ரோஸ்டரை, அதாவது டூட்டிப் பட்டியலை, கடைசி நேரத்தில் மாற்றுகிறார்கள், தரையில் காத்திருக்கும் நேரத்துக்குப் பணம் இல்லை, சீனியர்களின் படியைக் குறைத்துவிட்டார்கள். பல மாதமாகவே கொந்தளிப்பு. இப்போது வாட்ஸ்ஆப் குழுவில் "ஒரே நாளில் எல்லாரும் சிக் போடுவோம்", அதாவது உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லுவோம் என்கிறார்கள். சங்கம் இருக்கிறது, நானும் சந்தா கட்டுகிறேன், ஆனால் சங்கம் எதையும் அறிவிக்கவில்லை. அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். 2003 போராட்டத்தில் வேலை போய், திரும்பக் கிடைத்தவர். எனக்கு அப்போது நாலு வயது. ஸ்ட்ரைக் என்ற வார்த்தையைக் கேட்டாலே சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோகிறார். வீட்டுக் கடன் ஓடுகிறது, தம்பி படிக்கிறான், அம்மாவின் நகை பேங்கில் இருக்கிறது. கலந்துகொள்ளாவிட்டால் கூட இருப்பவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? கலந்துகொண்டால் வீட்டில் எப்படி முழிப்பது?

பதில்: அன்புள்ள தேவகோட்டை வாசகிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக் போடாதீர்கள். சங்கம் முறையாக நோட்டீஸ் கொடுத்து, சட்டப்படி காத்திருக்க வேண்டிய நாட்கள் காத்திருந்து, அதன் பிறகு வேலைநிறுத்தம் அறிவித்தால் கலந்துகொள்ளுங்கள். கையில் மூன்று மாதக் குடும்பச் செலவு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. உங்கள் கோரிக்கைகளைப் படித்தேன், நியாயமானவை. அவற்றைத் தவறான வழியில் கொண்டுபோய்த் தொலைத்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிக் போடுவது பாதுகாப்பான வழி என்று உங்கள் குழுவில் நினைக்கிறார்கள். "நாங்கள் ஸ்ட்ரைக் செய்யவில்லையே, உடம்பு சரியில்லை, அவ்வளவுதானே" என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பலர் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டு வேலைக்கு வர மறுத்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் ஒரே நாளில் பேசிவைத்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம் என்று எழுதியே வைத்திருக்கிறது. தற்செயல் விடுப்பு வேறு, நோய் விடுப்பு வேறு என்று நான் கோர்ட்டில் வாதாடலாம். ஆனால் வாட்ஸ்ஆப்பில் "24-ஆம் தேதி எல்லாரும் சிக்" என்று வந்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டும்போது அந்த வாதம் நிற்காது. அந்த ஸ்கிரீன்ஷாட் நிச்சயம் அவர்களிடம் இருக்கும். இருநூறு பேர் உள்ள குழுவில் ரகசியம் எது?

2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இதுதான் நடந்தது. கேபின் குரூவில் பெரும் எண்ணிக்கையினர் ஒரே நேரத்தில் உடல்நிலை சரியில்லை என்று தெரிவித்தார்கள். விமானங்கள் வரிசையாக ரத்தாயின. நிர்வாகம் 25 பேரை உடனே வேலையிலிருந்து நீக்கியது. திட்டமிட்டு, சேர்ந்து பேசி வேலைக்கு வராமல் இருந்தார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மே 9-ஆம் தேதி டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னால் பேச்சு நடந்து, அந்த 25 பேரையும் திரும்ப எடுத்துக்கொள்வதாக நிர்வாகமும், வேலைக்குத் திரும்புவதாக ஊழியர்களும் ஒப்புக்கொண்டார்கள். "பார்த்தீர்களா, எல்லாரையும் எடுத்துக்கொண்டார்களே" என்று உங்கள் குழுவில் யாராவது இதையே உதாரணமாகக் காட்டியிருப்பார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. பிரச்சினை தீர்ந்த இடம் தொழிலாளர் ஆணையரின் மேஜை. வேலையை இழந்து நடுங்காமலேயே, ஒரு நோட்டீஸ் கொடுத்து அந்த மேஜைக்குப் போய் உட்கார்ந்திருக்க முடியும்.

நோட்டீஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விமானப் போக்குவரத்துக்கு முன்னறிவிப்பு என்பது புதிதல்ல. 1947 தொழில் தகராறு சட்டமே விமானச் சேவையைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக வைத்து நோட்டீஸைக் கட்டாயமாக்கியிருந்தது. புதிய தொகுப்பின் 62-ஆம் பிரிவு அதையே எல்லாத் தொழிலுக்கும் விரித்திருக்கிறது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் கூடாது. அந்த நோட்டீஸ் 60 நாள் வரைதான் செல்லும். நோட்டீஸ் கிடைத்த ஐந்து நாளுக்குள் நிர்வாகம் அரசுக்கும் சமரச அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். விமானத் துறைக்கு மத்திய அரசுதான் உரிய அரசு. அதனால் உங்கள் விவகாரம் சிவகங்கையிலோ மதுரையிலோ உள்ள மாநிலத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகாது, மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பிடம்தான் போகும். சமரச அதிகாரி முதல் கூட்டத்தை நடத்திவிட்டால், பேச்சு முடிந்து ஏழு நாள் ஆகும்வரை வேலைநிறுத்தம் செய்யக் கூடாது.

"அப்படியானால் சட்டப்படி ஸ்ட்ரைக் செய்யவே முடியாதே மேடம்" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கஷ்டத்தைத் தொழிற்சங்கங்கள் கண்டித்தபடியேதான் இருக்கின்றன, நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நிர்வாகத்தின் கையும் கட்டப்படுகிறது என்பதை யாரும் உங்கள் குழுவில் சொல்லியிருக்க மாட்டார்கள். சமரசப் பேச்சு நடக்கும்போது, தகராறில் உள்ள வேலை நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. அந்தத் தகராறோடு தொடர்புடைய குற்றச்சாட்டைச் சொல்லி ஒருவரை நீக்க வேண்டுமானால், சமரச அதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகிகளில் சிலருக்கு இன்னும் கூடுதல் பாதுகாப்பு உண்டு. சிக் போட்டவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. ஏனென்றால் அவர்களே சொல்கிறார்கள், தகராறு எதுவும் இல்லை, காய்ச்சல்தான் என்று.

நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் ஆயிரம் ரூபாயிலிருந்து பத்தாயிரம் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவருக்கு அபராதம் பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை. யாரையும் உடனே சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அந்தச் செய்தியை இன்னொரு குழுவுக்கு நீங்கள் அனுப்பினால் எந்தப் பட்டியலில் சேர்வீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளர்கள் என்னிடம் வந்தார்கள். போனஸ் பாக்கி. கேட்டுக் கேட்டு அலுத்து, ஒருநாள் காலை ஷிப்டில் எந்தத் தாளும் கொடுக்காமல் மொத்தமாக வெளியே வந்துவிட்டார்கள். வழக்கு தொடங்கி முதல் மூன்று வருஷம் போனஸ் என்ற வார்த்தையையே கோர்ட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. நோட்டீஸ் இருந்ததா, யார் கேட்டில் நின்றது, யார் முதலில் மிஷினை நிறுத்தியது, இதே பேச்சு. அந்தத் தொழிலாளர்களில் ஒரு அண்ணன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுவயலிலிருந்து பஸ் ஏறி வருவார். "நாங்க கேட்டது சரிதானேம்மா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். சரிதான். அதைச் சொல்லும் இடமே எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி அப்பா. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது அந்த வரிதான், சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோகிறார் என்பது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலையிழந்தார்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட வீடு இல்லாத தெருவே இருந்திருக்காது. காரைக்குடியில் அன்றைக்கு மளிகைக் கடையில் கடன் சொல்லத் தயங்கி நின்ற வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகுதான். வகுப்பில் பிள்ளைகளை நிமிர்ந்து நில் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலை திரும்பக் கிடைத்ததோடு அது முடிந்துவிடவில்லை என்பது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தெரிகிறது.

அப்பாவின் பயத்தைத் தப்பென்று சொல்லாதீர்கள். அவருக்கு நடந்ததும் உங்களுக்கு நடக்கக்கூடியதும் வேறு வேறு சட்டம் என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். அரசு ஊழியருக்கு நடத்தை விதியிலேயே வேலைநிறுத்தத்துக்குத் தடை இருக்கிறது. நீங்கள் தனியார் நிறுவனத் தொழிலாளி. வேலைநிறுத்தம் அரசியல் சாசனம் தந்த அடிப்படை உரிமை அல்ல என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அது உங்களுக்கும் பொருந்தும். ஆனால் தொழிலாளர் சட்டம் நிபந்தனை போட்டு அதை அனுமதிக்கிறது. அவர் நின்ற இடத்தில் கதவே இல்லை. உங்களுக்குக் கதவு உண்டு, குறுகலான கதவு.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சட்டப்படி தொழிலாளிதானா? சாதாரண கேபின் குரூ என்றால் ஆம் என்றே வைத்துக்கொண்டு நடக்கலாம். கேபின் இன்சார்ஜ் ஆகிவிட்டீர்கள் என்றால், மேற்பார்வைப் பணி என்று நிர்வாகம் வாதிடப் பார்க்கும். உங்கள் பதவிப் பெயர் என்னவென்று கடிதத்தில் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் உங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து டிஸ்மிஸ் அல்ல. மார்ச் மாதம்தான். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால், அதைச் சட்டம் ஆட்குறைப்பாகக் கணக்கிடாது. காரணம் சொல்லத் தேவையில்லை, விசாரணை தேவையில்லை, "நன்றி, வணக்கம்" என்று ஒரு மெயில் போதும். நம் ஊருக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன காலத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாளாகப் போகிறவர் மூன்று வருஷக் கணக்குக்குத்தான் போவார். கணக்கு முடிந்து ஊர் வந்தால், முதலாளி மறுபடி கூப்பிட்டால்தான் அடுத்த கணக்கு. அந்த மனிதர்கள் கப்பலை விட்டு இறங்கும்போதே அடுத்த மூன்று வருஷத்துக்கு என்ன வழி என்று யோசித்துக்கொண்டுதான் இறங்கியிருப்பார்கள். நீங்களும் மார்ச்சை அப்படித்தான் பார்க்க வேண்டும், ஸ்ட்ரைக் வந்தாலும் வராவிட்டாலும். எதற்கும் தலையாட்டி ஓடி ஓடி உழைத்தவர்களுக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அடக்கமாக இருந்தால் மார்ச் நிச்சயம் என்று யாராவது சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புதுப்பிக்காவிட்டாலும் நீங்கள் வேலை பார்த்த வருஷங்களுக்குப் பணிக்கொடை உண்டு.

அதனால் இன்று இரவே உட்கார்ந்து ஐந்தொகை, அதாவது வரவு செலவு, கடன் எல்லாம் சேர்ந்த கணக்கு, எடுங்கள். கையிருப்பு, சீட்டுப் பணம், தம்பியின் அடுத்த செமஸ்டர் எப்போது, நகைக்கடன் எந்த மாதம் மாற்றி வைக்க வேண்டும், எல்லாம். வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, அது சட்டப்படியானதாக இருந்தாலும், நியாயமானதும்கூட என்று நிரூபித்தால்தான் சம்பளத்தைக் கேட்கவாவது முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் சேர்ந்து வராமல் போனால், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கும் பட்சத்தில், எட்டு நாள் சம்பளம் வரைகூடப் பிடிக்கலாம். உங்களுக்கு அடிப்படைச் சம்பளத்தைவிடப் பறக்கும் நேரத்துக்கான படி அதிகமாக இருக்கும், ஆகவே பத்து நாள் பறக்காவிட்டால் இழப்பு எவ்வளவு என்பதை ரோஸ்டரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், சம்பளச் சீட்டை வைத்து அல்ல. மூன்று மாதம் தாங்கும் என்று கணக்கு காட்டினால் தைரியமாக இருங்கள். தாங்காது என்றால், அதைச் சங்கத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். உங்களைப் போலப் பலர் இருப்பார்கள். அவர்களுக்காக நிதி சேர்க்காத சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக இல்லை என்றுதான் அர்த்தம்.

தரையில் காத்திருக்கும் நேரத்துக்குப் பணம் என்ற கோரிக்கை உங்கள் பேஸில் மட்டும் எழுந்ததல்ல. சக்கரத்துக்கு அணை கொடுத்திருக்கும் கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும்வரைதான் பறக்கும் நேரம் என்று உலகின் பல நிறுவனங்களில் கணக்கு. பயணிகளை ஏற்றுவது, பையை மேலே தூக்கி வைக்க உதவுவது, அவசர வழிச் சாதனங்களைச் சரிபார்ப்பது, இதற்கெல்லாம் தனிக் கூலி இல்லை. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேபின் குரூ இதற்காகத்தான் இறங்கினார்கள். அந்நாட்டு அரசு சில மணி நேரத்திலேயே வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவிட வழி செய்தது. அவர்கள் திரும்பவில்லை. நான்காம் நாள் உடன்பாடு வந்தது. இந்த வீடியோக்கள் உங்கள் குழுவில் சுற்றியிருக்கும், பார்த்தால் ரத்தம் சூடாகத்தான் செய்யும். ஆனால் அங்கே முன்கூட்டியே ரகசிய வாக்கெடுப்பு நடந்து 99 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு இருந்தது, நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்கள், பின்னால் ஒரு பெரிய சங்கம் நின்றது. உங்கள் சங்கம் இன்னும் எதையும் அறிவிக்கவேயில்லை.

பயணிகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் திருச்சியில் இறங்குகிற சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்களில் வருகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஒரு கல்யாணத்துக்கு, ஒரு சாவுக்கு வருகிறவர்கள். நாளைக்குக் கல்யாணம் என்று இருக்கும்போது இன்றைக்கு விமானம் ரத்து என்றால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. பதினான்கு நாள் நோட்டீஸ் என்றால் வேறு டிக்கெட் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பதினான்கு நாளை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் பக்கத்து நியாயத்தை அவர்களும் கேட்கும் மனநிலையில் இருப்பார்கள்.

உண்மையிலேயே உடம்பு முடியவில்லை, தூக்கமில்லாமல் தள்ளாடுகிறீர்கள் என்றால் பறக்கக் கூடாது. அது உங்கள் கடமை. களைப்பைப் புகாராகவே எழுத்தில் கொடுங்கள். ரோஸ்டர் எப்படி இருக்கிறது என்பதற்கு நாளைக்கு சமரச அதிகாரி முன்னால் அதைவிட நல்ல ஆதாரம் இருக்காது. பொய்யாக சிக் போட்டுப் பழகிவிட்டால், நிஜமாகக் களைத்தவளின் புகாரையும் நம்ப மாட்டார்கள்.

சரி, கூட இருப்பவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? முன்னாலேயே சொல்லிவிட்டு முழிக்கலாம். குழுவில் எழுத வேண்டாம். நெருக்கமான நாலைந்து பேரை நேரில் பார்த்து, "நான் சிக் போட மாட்டேன், ஆனால் சங்கம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்க நானே வருகிறேன்" என்று சொல்லுங்கள். கோழை என்று ஒரு வாரம் பேசுவார்கள். அந்த நாளில் மற்றவர்கள் விட்டுப்போன விமானத்தில் கூடுதல் டூட்டி வந்தால், உங்கள் ரோஸ்டரில் இல்லாததற்கு வலியப் போய்க் கை தூக்காதீர்கள். ஸ்டாண்ட்பையில், அதாவது கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கும் டூட்டியில், இருக்கும்போது கூப்பிட்டால் போகத்தான் வேண்டும், அதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சங்கத்திடம் எழுத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். கோரிக்கைப் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டார்களா, எந்தத் தேதியில்? அடுத்த பொதுக்குழு எப்போது? பதில் வராவிட்டால் இருபது பேர் கையெழுத்தோடு மறுபடி கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் புதுப்பித்தல், பயிற்சி பாண்ட் (பயிற்சிக்காக எழுதி வாங்கிய உறுதிப் பத்திரம்), சம்பளப் பிடித்தம் ஆகிய மூன்றும் உள்ள பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் பெயரையும் ஊழியர் எண்ணையும் மறைத்துவிடுங்கள். அடுத்த லீவில் பல்லவன் ரயிலில் ஊருக்கு வரும்போது இந்தப் பதிலை அப்பாவிடம் படிக்கக் கொடுங்கள். அவர் அன்றைக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலை வைத்திருந்தால், அதையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதைப் பற்றி அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.